நம் ஊர்ப் பொருட்காட்சிசாலையும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கக் கட்டடத்தின் கீழ்புறத்து அறையில் நடந்து வரும் சிறு பொருட்காட்சிசாலையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். கல்வியிலும் அனுபவத்திலும் எம்மினும் மிக்கார் பலர் இச்சபையில் இருக்கின்றனர். ஆயினும், அவ்வறையின் திறவுகோலைச் சில வருஷங்களாக வைத்திருப்பவர் என்ற முறையில், யாம் கண்டதையும் அஞ்சுவதையும் உள்ளவாறே சொல்லத் துணிந்தோம்.

அவ்வறையில் இருப்பவை யாவை? மரக்கால், படி, நிறைகோல், இரும்புப் பெட்டி, கணக்கு ஓலைக்கட்டுகள், இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், கலியாணப் புகைப்படங்கள் ஆகியவை. ‘இவை எங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கின்றனவே, இவற்றுக்கு ஒரு சாலை எதற்கு?’ என்று கேட்பார் உளர். பரணில் கிடப்பது பொருள் மாத்திரமே. இன்னார் வீட்டில் இன்ன காலத்தில் இன்ன காரியத்துக்கு வழங்கிற்று என்று எழுதி வைக்கப்பட்ட பின்னரே அது சரித்திரமாகின்றது. அவ்வெழுத்து இல்லையேல் நம் அறையும் இன்னொரு பரணேயாம்.

சிறிதாய் இருக்கிறதே என்று நாணவேண்டுவதில்லை. சென்னைப் பொருட்காட்சிசாலை 1851-ஆம் வருஷத்தில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மேன்மாடியில் சுமார் 1,100 கல்வகை மாதிரிகளோடு தொடங்கிற்று. பின்னரே எழும்பூருக்குப் பெயர்ந்தது. அதன் முதல் அதிகாரியாகிய எட்வர்டு பால்பர் என்னும் வைத்தியர், கல்லையும் மண்ணையும் காண ஜனங்கள் தாமே வாரார் என்பதை உணர்ந்து, 1855-இல் அவ்வளாகத்திலேயே மிருகக்காட்சியொன்றை ஏற்படுத்தினார். கர்நாடக நவாபு தம்முடைய பிராணிகளைக் கொடுத்து உதவினார். புலியைப் பார்க்க வந்தவர்கள் சிலையையும் கல்லையும் பார்த்துச் சென்றனர். நம்மிடம் புலி இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் ஜனங்களை முதலில் உள்ளே வரவழைத்தல் வேண்டும் என்னும் அவ்வுண்மை நமக்கும் உரியதே.

ஸ்வீடன் தேசத்தில் ஆர்தர் ஹசேலியஸ் என்பார் குடியானவர்களின் உடை, கலம், கருவி முதலியவை மறைந்து போவதைக் கண்டு மனம் வருந்தி, அவற்றைத் திரட்டி 1873-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு காட்சிசாலை திறந்தார். 1891-இல் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சிசாலையையும் நிறுவினார். பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் நிறுத்தி, வசந்த காலத்தில் திருவிழாக்கள் நடத்தி, ஆட்டமும் பாட்டமும் காண வந்த ஜனங்களின் கட்டணத்தையும் நன்கொடையையும் கொண்டு அதனை வளர்த்தார். காட்சி, விழா, பொருளீட்டல் என்னும் மூன்றும் தனித்தனிக் காரியங்கள் அல்ல என்பது இதனால் விளங்கும்.

முதலில் காட்சியைப் பற்றிச் சொல்லுவோம். உள்ள பொருள் யாவற்றையும் ஒருங்கே பரப்பி வைப்பது காட்சியன்று, அது சந்தை. மூன்று மாதத்திற்கு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதற்குரிய இருபது பொருள்களை மட்டும் வைத்தல் நன்று. ‘நம் ஊரின் அளவைகள்’ என்பது ஒன்று. ‘கப்பலேறிச் சென்றவர் எழுதிய கடிதங்கள்’ என்பது மற்றொன்று. இவ்வாறு மாற்றுவது புதுமைக்காக மட்டுமன்று. துணியும் காகிதமும் ஓலையும் வெளிச்சத்தால் நலிவன. இத்தகைய பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேற்பட்ட ஒளி ஆகாது என்பது காட்சிசாலையாரின் பொது விதி. ஆதலால் சில மாதம் காட்டியதைப் பின்னர் இருளில் ஓய்வு கொள்ள விடவேண்டும்.

இங்கே எமது பிழையொன்றையும் மறையாது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முன்னொரு காட்சிக்காக மூதாட்டியொருவர் தம் தாயாரின் சீதனச் செம்பை இரவலாகத் தந்தார். அதன் கழுத்தில் பெயரும் வருஷமும் மெல்லிய எழுத்தில் வெட்டியிருந்தன. விழாவுக்கு முதல் நாள் எம் தொண்டர்கள் ஆர்வத்தோடு அதனைப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் துலக்கினர். செம்பு பொன்போல் மின்னியது. எழுத்து தேய்ந்து போயிற்று. எழுத்தை முன்னரே பிரதி செய்து வைத்தோமில்லை. இரவல் சீட்டும் எழுதிக் கொடுத்தோமில்லை. அவ்வம்மையார் எம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. செம்பைக் கையில் வாங்கி, விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையில் மறைத்துக்கொண்டு போனார். அன்று முதல், பதிவேட்டில் எழுதிப் புகைப்படம் எடுத்துச் சீட்டுக் கொடாமல் யாதொரு பொருளையும் வாங்குவதில்லை என்றும், துலக்குவதில்லை என்றும் விதி செய்துகொண்டோம்.

சட்டமும் நாம் அறியத்தக்கது. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத பழமையுடைய பொருள்களும், சரித்திர மதிப்புடைய ஏடுகளாயின் எழுபத்தைந்து வருஷத்தவையும், தொல்பொருள்களாகும். அவற்றை விற்பதற்கும் வெளிநாடு கொண்டு செல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. மண்ணில் புதையல் கிடைத்தாலோ, 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டும். அதை நேரே நம் அறைக்குக் கொண்டு வருதல் முறையன்று.

இனி விழாக்கள். மே மாதம் 18-ஆம் தேதி 1977 முதல் சர்வதேசப் பொருட்காட்சிசாலை தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, மரக்காலால் நெல் அளக்கவும், எழுத்தாணியால் ஓலையில் தம் பெயரை எழுதவும் செய்விக்கலாம். முதியோரை அமர்த்திப் பழைய புகைப்படங்களில் உள்ளார் இன்னாரென்று சொல்லச் செய்து, அதை ஒலிப்பதிவு செய்யலாம். இது விழாவும் ஆகும், ஆராய்ச்சியும் ஆகும். செலவோ காப்பியும் சுண்டலும் மாத்திரமே.

பொருளீட்டும் வகையைச் சொல்லுவோம். நுழைவுக் கட்டணம் வேண்டாம்; வாயிலில் உண்டியல் ஒன்று போதும். குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாய் தருவோரை ‘காட்சிசாலை அன்பர்’ என்று சேர்க்கலாம். பழைய புகைப்படங்களின் பிரதிகளை அச்சிட்டு விற்கலாம். தாய்மார்கள் பழைய பக்குவத்தில் பலகாரம் செய்து ஒருநாள் விருந்து நடத்தலாம். வரவு செலவைத் தனிக்கணக்காக வைத்து, மாதந்தோறும் வாயிற்பலகையில் எழுதுதல் வேண்டும். நன்கொடையாக வந்த பொருளை விற்று மின்சாரக் கட்டணம் செலுத்தும் காரியம் ஒருகாலும் கூடாது. அது கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம்.

இப்போது, யாம் இன்று இங்கே நிற்பதற்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறோம். நம்மவரில் செல்வரொருவர் காட்சிசாலைக்குத் தனிக் கட்டடம் கட்டித்தர முன்வந்திருக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் தருமசிந்தை உடையவர். அவரிடம் எமக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் விதிக்கும் நிபந்தனை ஒன்றே. இரண்டாம் பேழையில் உள்ள ஆளடிமை ஓலையை எடுத்துவிட வேண்டும் என்பதே அது.

அவ்வோலை யாது? அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கிய 1843-ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டத்துக்கு முற்பட்டது. ஓர் ஆணையும் அவன் மனைவியையும் இரு மக்களையும் விலை பேசி வாங்கிய பத்திரம். வாங்கியவர் நம் முன்னோருள் ஒருவர். ‘நம் பெருமையைக் காட்டக் கட்டிய இடத்தில் நம் சிறுமையை ஏன் காட்டவேண்டும்?’ என்று அச்செல்வர் கேட்கிறார். கேள்வி நியாயமற்றதன்று. அவ்வோலையைப் படித்த அன்று எமக்கும் அதை மூடி வைத்துவிடத் தோன்றியது உண்மை.

ஆயினும் சகோதரர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர் பெயர் கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் புகைப்படங்களிலும் நூறு இடங்களில் இருக்கின்றது. அந்நால்வர் பெயரோ, எமக்குத் தெரிந்தவரை, அந்த ஓர் ஓலையில் மாத்திரமே இருக்கின்றது. அதையும் எடுத்துவிட்டால் அவர்கள் இவ்வூரில் வாழ்ந்ததற்கே சாட்சியில்லை. அவர்கள் வழிவந்தோர் இன்றும் இவ்வூரில் இருக்கலாம். அவர்தம் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளோடு நம் அறைக்கு வரலாம். நம் மரக்காலைக் காட்டி, அதில் நெல்லை அளந்த கைகளை மறைப்போமாயின், அந்த மரக்கால் சொல்லும் சரித்திரம் அரைச் சரித்திரமே. தனக்கு வேண்டியதை மாத்திரம் காட்டும் சாலையை அயலார் நம்பார். நாளடைவில் நம் பிள்ளைகளும் நம்பார். பிறகு நம் கொடைகளையும் கல்விப்பணியையும் பற்றி அங்கே எழுதியிருப்பதையும் எவர் நம்புவார்?

இதனை நிர்வாக சபை இன்று மாலை முடிவு செய்யவிருக்கிறது. எமது விண்ணப்பம் இதுவே: ஓலை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதனருகே அந்நால்வர் பெயரையும் தெளிவாக எழுதி வைப்போம். கட்டடம் பின்னர் வரட்டும். அதுவரை இந்தக் கீழ்புறத்து அறையே போதும். அதன் கூரை ஒழுகுவதை மட்டும் மழைக்கு முன் செப்பனிட வேண்டும். அதற்கு உண்டியலும் மாதக் கொடையும் போதுமானவை. முதற் கொடையை யாமே இப்போது இம்மேசைமேல் வைக்கிறோம். அச்செல்வரையும் நேரில் கண்டு, நிபந்தனையின்றி நம்மோடு சேருமாறு பணிவோடு வேண்டிக்கொள்வோம்.