முடிச்சும் பொத்தும் சுற்றும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூலிலும் துணியிலும் செய்யப்படும் சிற்பங்களைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். கல்லிலே சிற்பம் செய்பவர் வேண்டாததைச் செதுக்கி எடுக்கிறார். நூலிலே செய்பவர் ஒன்றோடொன்றைச் சேர்த்துச் சேர்த்து உருவத்தை வளர்க்கிறார். ஆகவே இந்தக் கலையின் உயிர் பொருத்திலே இருக்கிறது. முடிச்சு, பொத்து, சுற்று என்ற மூன்று பொருத்துகளைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன். மூன்றும் எங்கள் வீட்டுக் குசினியிலும் முற்றத்திலும் இருந்தவை.

முதலாவது முடிச்சு. இந்தியாவின் மிருணாளினி முகர்ஜி 1949இல் பம்பாயில் பிறந்து பரோடாவில் ஓவியம் படித்தவர். சணல் கயிற்றுக்குச் சாயம் போட்டு, தறியின்றி, முன்கூட்டிப் படம் வரையாமல், கையாலேயே முடிச்சுப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தார். இயக்கி, வனதேவதை, பூ என்று அவற்றைப் பார்க்கலாம். முடிச்சு நெருங்கினால் கயிறு விறைத்து நிற்கும். தளர்ந்தால் மடிந்து தொங்கும். அந்த வித்தியாசத்தாலேயே உடலும் உடையும் உருவாகின. அவர் 2015இல் காலமானார். 2019இல் நியூயோர்க்கில் அவருடைய படைப்புகளுக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தது. எங்கள் வீடுகளில் தயிர்ச் சட்டியைத் தாங்கிய உறியும் முடிச்சுகளால் ஆனதுதான். கடற்கரையிலே கட்டுமரத்தை ஆணியில்லாமல் கயிற்றால் பிணைத்தார்கள். அலை அடிக்கும்போது கயிறு கொஞ்சம் இடங்கொடுக்கும். அதனால் மரம் பிளக்காது.

இரண்டாவது பொத்து. ஒரு கடகத்தை எடுத்துப் பாருங்கள். சார்வோலையைத் தட்டையாக இழைத்துக்கொண்டு போவார்கள். அதுவரை அது ஒரு சிறு பாய். நான்கு மூலைகளிலும் ஓலையை மடக்கி மேலே எழுப்பியதும் அது பாத்திரமாகிறது. அடி சதுரம், வாய் வட்டம். வாயின் விளிம்பைப் பனைமட்டை நாரால் பொத்துவார்கள். கடகத்தின் ஆயுள் அந்தப் பொத்திலே இருக்கிறது. விளிம்பு விட்டால் இழை முழுவதும் கழன்றுவிடும். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியோ கூம்பு. பசையும் இல்லை, ஆணியும் இல்லை. தட்டையான ஓலை கூம்பாகி, ஆவியிலே வெந்தும் வடிவம் மாறாமல் நிற்கிறது. இன்று துணிச் சிற்பம் செய்பவர்களும் தட்டையான ஒன்றை எப்படி எழுந்து நிற்கச் செய்வது என்ற இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

மூன்றாவது சுற்று. இதை மாணவிகள் வீட்டிலே செய்து பார்க்கலாம். ஒரு கயிற்றையோ குச்சியையோ எடுங்கள். நூலின் முதல் நுனியை அதனோடு படுக்கவைத்து, அந்த நுனியின் மேலேயே இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். முடிவிலே மற்ற நுனியை ஊசியில் கோத்து, சுற்றுகளுக்கு அடியால் இழுத்து வெட்டிவிடுங்கள். ஒரு முடிச்சும் வெளியே தெரியாது, அவிழவும் மாட்டாது. பானை உருளாமல் வைக்கும் திருகணையும் சுற்றி இறுக்கிய வேலைதான்.

அமெரிக்காவில் ஜூடித் ஸ்கொட் என்ற பெண் 1943இல் டவுண் நோய்க்குறியோடு பிறந்தார். காதும் கேளாது; அது நெடுங்காலம் கண்டறியப்படவில்லை. 7 வயதில் பராமரிப்பு நிலையத்தில் விடப்பட்டு 35 வருடமளவில் அங்கேயே இருந்தார். இரட்டைச் சகோதரி அவரைத் தம்மோடு கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்தார். 1987இல் ஒக்லண்டில் ஒரு கலைக்கூடத்தில் சேர்ந்து, கைக்கு அகப்பட்ட பொருள்களை நூலாலும் துணியாலும் சுற்றத் தொடங்கினார். 2005இல் இறக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது. பேச்சில்லாத அவர் அவற்றைப் பற்றி யாருக்கும் விளக்கவுமில்லை.

அவருடைய சிற்பங்களின் படங்களைப் பார்த்தபோது எனக்கு மூட்டைகளின் நினைவுதான் வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. கட்டில் விரிப்பிலும் சேலையிலும் எதைச் சுற்றிக் கட்டினோம், எதை விட்டுப் போனோம் என்பது இங்கேயும் வெளிநாட்டிலும் இருக்கிற பலருக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். சுற்றிக் கட்டுவது காப்பாற்றுகிற வேலை என்பதை எங்களுக்கு ஒருவர் விளக்க வேண்டியதில்லை.

அன்பானவர்களே, மிருணாளினியின் பெயரும் ஜூடித்தின் பெயரும் நூதனசாலைச் சுவரிலே எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் கடகத்தை இழைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. பிளாஸ்ரிக் கூடை வந்தபின் இழைக்கிற கைகள் குறைந்துவிட்டன. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. பெண்கள் பலர் இன்னமும் ஓலை வேலையால் குடும்பம் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு பெட்டியை வாங்கும்போது நாங்கள் ஓலைக்கு விலை பேசுகிறோம், கைக்குப் பேசுவதில்லை. இழைக்கிறவருக்கு அது கட்டுபடியாகாவிட்டால் அவருடைய மகள் அதைப் பழகப் போவதில்லை.

ஆகவே நூற்றாண்டு ஆண்டில் பழைய மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மெல்பேணிலிருந்தோ ஊருக்கு வரும்போது, இழைக்கத் தெரிந்த ஒரு பெரியம்மாவுக்குப் பக்கத்தில் அரைநாள் இருங்கள். ஒரு பொருத்தை மட்டும் கையால் பழகுங்கள். அதற்கு அந்த ஊரிலே வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். உட்புறமும் வெளிப்புறமும் படம் எடுங்கள். அவர் சம்மதித்தால் அவருடைய பெயரையும் எழுதி எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். அவர் சொல்கிற விலையைக் குறைக்காமல் கொடுத்து அந்தப் பொருளை வாங்குங்கள். அடுத்த தலைமுறையில் ஒரு மாணவி சிற்பம் செய்ய விரும்பினால், அவள் தொடங்குவதற்குச் சொந்த ஊரின் சொல்லும் கைப்பழக்கமும் அங்கே இருக்கும்.