உலையும் கதையும்
(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



படைப்பாக்க வடிவமைப்புச் சிந்தனை என்னும் தொடர் இன்று கல்லூரிகளில் பெரிதும் பேசப்படுகிறது. பயன்படுத்துவோரின் தேவையை முதலில் கேட்டறிந்து, மாதிரி ஒன்றைச் செய்து, அவர்கள் கையிலேயே கொடுத்துத் திருத்திக்கொள்வது என்பதே அதன் சாரம். இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. மதுரை அரசரடி வரை சென்றால் போதும்.

அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). "பரட்டை" என்றால் பலருக்கும் தெரியும். கர்நாடக இசையிலும் வடமொழி கலந்த தமிழிலும் அமைந்த கீர்த்தனைகள் நம் மக்களின் நாவுக்கு ஒட்டவில்லை என்பதை அவர் கண்டார். நாட்டுப்புற மெட்டும் பேச்சுத் தமிழும் கொண்டு வழிபாட்டையே புதிதாக அமைத்தார். இழிவென ஒதுக்கப்பட்ட பறைக்கு அதில் இடமளித்தார். பாடுகின்ற மக்கள் தம் தேவைக்கேற்பப் பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. காப்புரிமைக்கு வழக்காடும் இக்காலத்தில் இது எத்தகைய பெருந்தன்மை!

அவர் சிந்தனையின் நடுநாயகம் "ஒரு ஒலை". உலையைத்தான் நம் மக்கள் ஒலை என்கிறார்கள். ஒரே உலையில் பொங்கி, எல்லோரும் பகிர்ந்து உண்பது. திருவிருந்தையும் அவர் அவ்வாறே கண்டார். மதத்தை ஏற்பார் ஏற்கட்டும். உலை எல்லோருக்கும் பொது. இந்நாட்டில் சாதி கூச்சமின்றி வந்து உட்காரும் இடம் பந்தி. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப் பந்தி இட்டதால் 1920களில் எழுந்த கிளர்ச்சியை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆகவே யார் சமைப்பது, யார் அருகில் யார் அமர்வது என்பதை மாற்றியமைப்பவனே என் கண்ணுக்கு வடிவமைப்பாளன். இலையை அலங்கரிப்பவன் அல்லன்.

கதையிலும் இதுவே நிகழ்ந்தது. 1992இல் வெளிவந்த பாமாவின் "கருக்கு", நம் வீட்டுப் பேச்சையே எழுத்தாக்கியது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறேன். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நம் பாட்டிமார் குடித்த கம்பங்கூழ் இன்று நகரத்து உணவகங்களில் மதிப்புடன் பரிமாறப்படுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் கூழ் கடையேறியபோது அதன் கதை வாசலிலேயே நின்றுவிட்டது. நடவு வயலில் பிடித்த நண்டு, நத்தை, வெயிலில் உலர்த்திய உப்புக்கண்டம், குடல் கறி ஆகியவற்றையோ எவரும் விளம்பரம் செய்வதில்லை. அவற்றை உண்டதற்காக நம்மை ஏசியவர்களே மிகுதி.

வைகைக் கரையூர்களில் மூத்த தாய்மார் அடுப்படியில் இருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள். அளவை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அந்தத் தானியம் கூலியாக வந்ததா, எந்தக் களத்திலிருந்து வந்தது, யார் வாங்கி வந்தார், பஞ்சத்தில் அதற்கு மாற்றாக எது உலையேறிற்று என்பவற்றையும் கேளுங்கள். அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் சொன்னவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் அடிக்கச் சொன்ன வரியை அடித்துவிட்டு, முதற்படியை அவர் கையில் கொடுங்கள்.