முதல் செவித்திறன் பரிசோதனைக்குப் போகும்முன்



நான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் சொல்வதை உங்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. சொல்வது காதில் சரியாக விழாவிட்டாலும், நம் மூத்தோர் பலர் "சரி, சரி" என்று தலையாட்டிவிடுகிறார்கள். என் அப்பாவும் அப்படித்தான். "கட்டு, பட்டு, தட்டு எல்லாம் ஒண்ணாவே கேட்குதும்மா. சத்தம் கேட்குது, சொல்தான் புரியலை" என்பார். வயதாகும்போது பெரும்பாலும் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் குறைகின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம்.

60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு, கண், காது, வாய்நலம் மூன்றையும் பார்க்கும் 'புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்' திட்டம் உள்ளது. அதில் காதில் குறை தெரிந்தால், முழுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

முந்திய நாள் பலத்த சத்தத்தைத் தவிருங்கள். பஞ்சுக்குச்சியால் காதைக் குடையாதீர்கள். குறும்பி உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டு செல்லுங்கள். காதுவலி, சீழ், இரைச்சல் இருந்தால் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி, பெரிய தோடு போன்றவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தம் நுழையாத அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டுவார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. 'பீப்' ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். மிக மெல்லிதாகக் கேட்டாலும் அழுத்துங்கள். கேட்காதபோது ஊகித்து அழுத்தாதீர்கள். எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒலியைக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஆகவே, நல்ல காது உள்ளவருக்கும் சில ஒலிகள் கேட்காது.

அப்பா முதல் முறை, கேட்காத ஒலிக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வரும் வழியில், "கேட்கலைன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சும்மா" என்றார்.

சில சமயம் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றால் முன்கூட்டியே தெரிவியுங்கள். மொழி தெரியாததைக் காது கேளாமை என்று கணக்கிட்டுவிடக் கூடாது. முடிவைக் கேட்கும்போது மகனோ மகளோ பக்கத்தில் இருப்பது நல்லது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: காது திடீரென்று கேட்காமல் போனால், பரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்றே சொல்லுங்கள். உங்களுக்குச் சரியான உதவி கிடைக்க அதுதான் வழி.