இல்லாளின் இசைவு
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



மறைந்த அன்னையார் ஒருவரின் நினைவைப் போற்றும் இம்மேடையில் தாய்மையின் பெருமையைப் பொதுவாகப் பேசி அமர்ந்துவிடுதல் எளிது. ஆயினும், நம் இல்லங்களில் கதவைச் சாத்திக்கொண்டே பேசப்படும் ஒரு விஷயத்தை, அதாவது கணவன் வேறொருத்தியிடம் பெற்ற குழந்தையை மனைவி ஏற்று வளர்க்கும் தர்மசங்கடத்தை, இன்று விசாரிக்க எண்ணுகிறேன்.

ஞாயிறுதோறும் பெல்லெகிரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவை வணங்கிவரும், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத் தமிழர்கள், நகரின் தென்கிழக்கு ஓரத்திலுள்ள சியாகுல்லியை அதன் பழத்தால் அறிவார்கள். மற்ற மாண்டரின் பழங்களின் பருவம் ஓய்ந்த பின்னரே அங்குள்ளது பழுக்கும். சிசிலித் தோட்டக்காரர்கள் கசப்பு ஆரஞ்சின் வேரில் இனிப்பு மரத்தை ஒட்டுக்கட்டி வளர்ப்பது நெடுநாளைய வழக்கம். மாற்றாள் பிள்ளையை வளர்க்கும் மனைவிக்கு இம்மரத்தை உவமை கூறலாமென்று தோன்றும். ஆனால் ஒட்டுக்கட்டுகிறவன் மரத்தின் சம்மதத்தைக் கேட்பதில்லை. இல்லாளைக் கேட்டேயாக வேண்டும். நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த வேற்றுமைக்குள் அடங்கும்.

நம் சங்கப் புலவர்கள் இச்சிக்கலை அறியாதவர்களல்லர். அகநானூற்றின் பதினாறாம் பாட்டில், தெருவில் தனியே விளையாடும் தலைவியின் புதல்வனை, யாரும் பார்க்கவில்லையென்று எண்ணிப் பரத்தை ஒருத்தி ஆசையோடு அணைத்துக்கொள்கிறாள். அதைக் கண்டுவிட்ட தலைவி சினவாமல் அருகே சென்று, நீயும் இவனுக்குத் தாயே என்கிறாள். மற்றவளோ களவில் அகப்பட்டவளைப்போல் நாணித் தரையைக் கீறி நிற்கிறாள். இங்கே குழந்தை மனைவியுடையதாகவும் அணைப்பவள் மற்றவளாகவும் முறை மாறியிருப்பினும், குழந்தையை நடுவில் வைத்தபோது இரு பெண்களுக்குமிடையே பகை தளர்வது காண்க. அதே நிகழ்ச்சியைத் தலைவி கணவனிடம் எடுத்துச் சொல்லும்போது, அவன் செய்தது அவளுக்கு மறந்துவிடவில்லை என்பதும் காண்க.

வரலாற்றிலும் இத்தகைய மனைவியரைக் காணலாம். இதே சிசிலித் தீவின் மெஸ்ஸீனா நகரில் ஆஸ்திரிய டான் ஜுவானின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1571 அக்டோபர் 7இல் லெபாந்தோக் கடற்போரில் வென்ற கூட்டுப்படையின் தளபதி அவன். பேரரசர் ஐந்தாம் சார்லஸ், மனைவியை இழந்த பின்னர், பார்பரா பிளாம்பெர்க் என்பவளிடம் பெற்ற மகன். பேரரசரின் நம்பிக்கைக்குரிய அலுவலரான லூயிஸ் கிஹாதா, 1554இல் அச்சிறுவனை ஸ்பெயினின் வில்லாகார்சியாவிலிருந்த தம் மனைவி மக்தலேனா தே உல்லோவாவிடம் சேர்ப்பித்து, பிறப்பின் உண்மையை மறைத்து, நண்பர் ஒருவரின் பிள்ளையென்று மட்டும் தெரிவித்தார். மகப்பேறில்லாத அவ்வம்மையார், இவன் தம் கணவருக்கே பிறந்தவனென்று உள்ளூர முடிவுகட்டினார். ஓரிரவு வீடு தீப்பற்றியபோது கிஹாதா முதலில் சிறுவனைத் தூக்கி வெளியே சேர்த்துவிட்டு, பிறகே மனைவியை மீட்கத் திரும்பினாரென்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. சந்தேகத்துக்கு வேறு சான்று வேண்டுமோ! 1559இல் பேரரசரின் மகனான மன்னர் இரண்டாம் பிலிப் அவனைத் தம்பியென ஏற்றபோதுதான் ஐயம் தீர்ந்தது. தவறான அந்த எண்ணத்தைச் சுமந்த ஆண்டுகளில் அவர் சிறுவனிடம் அன்பைக் குறைக்கவில்லை. அவனும் வாழ்நாள் முழுவதும் அவரை அத்தையென்றே அழைத்தான். பின்னர் அவனுக்கு மணத்துக்குப் புறம்பே பிறந்த ஆனா என்னும் பெண்ணையும் அவரே எடுத்து வளர்த்தார்.

எல்லோரும் மக்தலேனாவாக முடியாது. பிலடெல்பியாவில் 1730இல் பெஞ்சமின் பிராங்க்ளினோடு இல்லறம் புகுந்த டெபோரா, தாய் யாரென்று வெளியிடப்படாத, கணவரின் மகனான வில்லியம் என்னும் குழந்தையையும் ஏற்றுக்கொண்டாள். சோறிட்டாள், வளர்த்தாள், மனமோ ஒட்டவில்லை. வளர்ந்துவிட்ட அவனைப் பற்றி அவள் கடுஞ்சொல் கூறியதை 1755இல் அவ்வீட்டில் தங்கிய எழுத்தர் ஒருவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவளைக் குறைகூற நான் துணியேன். கடமையை ஒருவர்மேல் சுமத்தலாம்; அன்பைச் சுமத்த எவராலும் இயலாது.

இத்தாலியச் சட்டம் இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. 1930ஆம் ஆண்டுக் குற்றவியல் தொகுப்பில் மனைவியின் பிறழ்வு ஒருமுறை நேர்ந்தாலும் குற்றம். கணவனுக்கோ காமக்கிழத்தியை வீட்டிலோ ஊரறியவோ வைத்திருந்தால்தான் தண்டனை. 1968, 1969 ஆண்டுகளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விதிகளை நீக்கிற்று. 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டச் சீர்திருத்தம், குடிமைச் சட்டத்தின் 252ஆம் பிரிவில், கணவன் புறத்தே பெற்ற குழந்தையை வீட்டுக்குள் கொணர நீதிபதியின் அனுமதியோடு உடனுறையும் மனைவியின் இசைவும் வேண்டுமென்று விதித்தது. திருமணத்துக்கு முன்பே அக்குழந்தை இருப்பதை அவள் அறிந்திருந்தால், பின்னர் மறுக்க இயலாது. முன்கூட்டி உண்மை சொன்னவனுக்கும் ஒளித்தவனுக்கும் இடையே சட்டம் வகுத்த இந்த வேறுபாடு மிக நுட்பமானது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டமும், மணமான ஆடவன் தத்தெடுக்க மனைவியின் சம்மதத்தை வேண்டுகிறது.

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்று பெரியவர்கள் இத்தகைய மனைவிக்கு உபதேசிப்பது வழக்கம். பிழை செய்தவனிடம் ஒரு கேள்வியும் கேளாமல், பிழையில்லாதவளிடம் மட்டும் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது நியாயமாகாது. குழந்தையை ஏற்பது ஒன்று. கணவனை மன்னிப்பது மற்றொன்று. முன்னதைச் செய்தவள் பின்னதையும் செய்துவிட்டாளென்று உற்றார் தாமாகவே தீர்மானித்துவிடுவதால்தான், பல பெண்கள் குழந்தையின்மேல் எழும் இரக்கத்தையும் அடக்கிக்கொள்கின்றனர். மறுக்கும் உரிமை அவளிடம் இருக்கட்டும். மறுத்தாலும் குழந்தைக்குச் சோறும் கல்வியும் தந்தையின் பெயரும் குறையாதிருக்கட்டும். இவ்விரண்டும் உறுதியான வீட்டில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டால், அச்செயலின் பெருமை முழுவதும் அவளுக்கே உரியது. அதில் ஒரு பங்கைக் கணவன் கோரலாகாது.