நாவின் கீழ் ஒரு படலம்

அழுகின்ற பிள்ளைக்குப் பால் கொடுப்பது தாய்மார் எங்கும் அறிந்த மருந்து. ஆயின், பால் கொடுக்கக் கொடுக்கப் பிள்ளையின் அழுகை ஓயாமல், தாயின் முலைக்காம்பும் வெடித்துப் புண்ணாகுமானால், அந்த வீடு எத்துணைக் கலக்கத்தில் ஆழும் என்பதை நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அத்தகைய கலக்கத்தோடு இங்கிலாந்திலே பெற்றோர் பலர் நாடிச் செல்லும் தனியார் சிகிச்சையிடங்களைப் பற்றியதே இப்பேச்சு.

நாவின் அடிப்பக்கத்தை வாயின் தளத்தோடு இணைக்கும் மெல்லிய படலம் எல்லோருக்கும் உண்டு. சில குழந்தைகளுக்கு அது குறுகி இறுகி, நாவை நீட்டவும் உயர்த்தவும் விடாது தடுக்கும். இதுவே நாக்குக் கட்டு. பாலருந்தும் குழந்தையின் நா கீழ் ஈறைக் கடந்து நீளவேண்டும். அது இயலாவிடில் குழந்தை ஈறுகளாற் கவ்வும். நோவு தாய்க்கு, பசி பிள்ளைக்கு. முற்காலத்து ஐரோப்பிய மருத்துவிச்சியர் சிலர் இப்படலத்தைக் கிழிப்பதற்கென்றே ஒரு விரல் நகத்தைக் கூராக வளர்த்து வைத்திருந்தனராம்! இன்று முனை மழுங்கிய கத்தரிக்கோல் அதன் இடத்தில் இருக்கின்றது. குழந்தையைத் துணியிற் சுற்றி, ஒருவர் தலையை அசையாது பிடிக்க, மற்றவர் படலத்தை வெட்டிவிடுவார். சில விநாடி வேலை. உடனே தாய் பாலூட்டுவாள்.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948ஆம் ஆண்டு தொட்டு இலவசமாக வைத்தியம் செய்து வருவது. எனினும் இந்தச் சிகிச்சை எல்லா வட்டாரங்களிலும் ஒரே விரைவிற் கிடைப்பதில்லை. பசித்த பிள்ளையோ வரிசையிற் காத்திராது. ஆகவே பெற்றோர் பணங்கொடுத்து, இப்பயிற்சி பெற்ற மருத்துவிச்சியரையும் தாதியரையும் நாடுகின்றனர். இவ்விடங்களை மேற்பார்வை செய்வது 2009 முதல் இயங்கும் பராமரிப்புத் தர ஆணைக்குழு. அதன் பரிசோதகர்கள் கேட்பவை ஐந்து: பாதுகாப்பு உண்டா, பயன் உண்டா, பரிவு உண்டா, தேவையறிந்து நடக்கின்றனரா, நிருவாகம் செவ்வையானதா?

பாதுகாப்பைச் சோதித்தல் அத்துணைக் கடினமன்று. பிறந்தவுடன் குழந்தைக்கு விற்றமின் கே கொடுக்கப்பட்டதா, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா என்று முன்னரே வினவினார்களா? இரத்தம் நில்லாவிடில் கோஸ் துணியால் அழுத்திப் பிடித்து, அம்புலன்ஸ் வண்டியை அழைக்கும் ஒழுங்கு உண்டா? ஏடுகளைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

பயன் உண்டா என்பதே இடர்ப்பாடான கேள்வி. 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, 5 பரிசோதனைகளிற் சேர்ந்த 302 குழந்தைகளை நோக்கி, தாயின் நோவு சில காலம் குறைகின்றது என்றது. பிள்ளை பாலருந்துவது சீராக முன்னேறியதாக அது காணவில்லை. பின்னர் பிரித்தானியாவிலே 870 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்ட ஒரு பரிசோதனை 169 பேரோடு நின்றுவிட்டது. வெட்டாது விடப்பட வேண்டிய பிரிவிலும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பின்னர் வெட்டப்பட்டமையால், 2023இல் வெளிவந்த அதன் முடிவும் ஐயத்தைத் தீர்க்கவில்லை. நோவோடிருக்கும் தாயைக் காத்திருக்கச் சொல்வது யாருக்குத்தான் எளிது?

இவ்வாறு விடை தெளியாத இடத்திலேதான் பணம் குறுக்கிடுகின்றது. வெட்ட வேண்டும் என்று தீர்ப்புக் கூறுபவரும், வெட்டிக் கூலி பெறுபவரும் ஒருவரே. அவர் கெட்டவராயிருக்க வேண்டியதில்லை. கையிற் கத்தரிக்கோல் இருக்கும்போது கண்ணுக்குப் படலமே முதலிற் படும். நல்ல மருத்துவிச்சி முதலில் அமர்ந்து, ஒரு முறை பாலூட்டலைத் தொடக்கம் முதல் இறுதி வரை பார்ப்பாள். பிள்ளையைத் தாயின் உடலோடு அணைத்துத் திருப்பி, வாயை அகலத் திறக்கவிட்டு, மீண்டும் பார்ப்பாள். பல வேளைகளில் தவறு பிடியிலிருக்கும், நாவிலிராது. அப்பொழுது, "வெட்ட வேண்டாம் அம்மா, இப்படியே ஊட்டிப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவாள். அந்த ஆலோசனைக்கும் உரிய கட்டணம் அங்கே வகுக்கப்பட்டிருந்தால், அவளுக்கு அப்படிச் சொல்வது எளிதாகும்.

வெட்டிய பிள்ளையைப் பற்றி அங்கே பெற்றோர் கையிலுள்ள சிவப்பு அட்டைச் சுகாதாரப் புத்தகத்திற் குறித்துவிடுகின்றனர்; சில நாளில் தொலைபேசியிலும் விசாரிக்கின்றனர். வெட்டாது திரும்பிய பிள்ளையையும் அவ்வாறு விசாரித்தார்களா, அடுத்த வாரம் அதன் நிறை ஏறிற்றா என்பதைப் பரிசோதகர்கள் பதிவேட்டிலே தேடிப் பார்க்க வேண்டும்.