அழ இயலாத பிள்ளை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. கேட்பவர்க்கே கிடைக்கும் என்னும் பொருளில் அதனை நாம் வழங்குகிறோம். அவ்வாறாயின், அழவும் இயலாத பிள்ளையின் துன்பத்தை யார் அறிவது? இவ்வினாவுக்கு விடை கண்ட ஓர் ஆராய்ச்சியைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

மருத்துவர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த் நம் நாட்டு இந்தூரில் மருத்துவம் பயின்றவர். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கே, நல்ல நிலையில் அறுவைக் கூடத்திற்குச் சென்ற குறைமாதக் குழந்தைகள், உடல் வெளிறி நாடி தளர்ந்து திரும்புவதைக் கண்டார். காரணம் தேடத் தொடங்கினார்.

அந்நாளில் அத்தகைய குழந்தைகளுக்குத் தசைகளை அசையவொட்டாமல் நிறுத்தும் மருந்தும், நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவும் மட்டும் தந்து அறுவை செய்வது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. அம்மருத்துவர்களை இரக்கமற்றவர் என்று நாம் கூறிவிடலாகாது. நரம்புகள் முதிராமையால் பச்சிளங்குழந்தை வலியை உணராது என்றே அவர்களிற் பலர் கற்றிருந்தனர். வலிய மருந்து அச்சிற்றுயிரின் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் குலைத்துவிடும் என்றும் அஞ்சினர்.

ஆனந்தும் அவருடைய துணைவர்களும் 16 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தனர். பிறந்தபின் தானே மூடிக்கொள்ள வேண்டிய, இதயத்தை அடுத்துள்ள குழாய் ஒன்று மூடாமையால் அறுவை வேண்டியிருந்த குழந்தைகள் அவை. எட்டுக் குழந்தைகளுக்கு வழக்கமான மருந்துகள்; மற்ற எட்டுக்கும் அவற்றோடு ஃபென்டனில் என்னும் வலியடக்கி. தசை கட்டுண்ட குழந்தை அழவில்லை, முகஞ்சுளிக்கவும் இல்லை. ஆயினும் அதன் குருதி பேசியது! ஃபென்டனில் பெறாத குழந்தைகளின் குருதியில் அட்ரினலின் முதலிய சுரப்புகள் மிகுந்தன; சர்க்கரையும் உயர்ந்தது. அறுவைக்குப் பின் நேர்ந்த தொல்லைகளும் அக்குழந்தைகளுக்கே மிகுதி. 1987-இல் லான்செட் இதழ் இம்முடிவை வெளியிட்டது.

அவ்வாண்டு நவம்பரில், ஹிக்கி என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய மற்றொரு கட்டுரையும் வெளிவந்தது. வலியைக் கொண்டுசெல்லும் நரம்பு வழிகள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன என்பதற்கான சான்றுகளை அது ஒருங்கே திரட்டித் தந்தது. பிறந்த குழந்தைக்கும் அறுவையின்போது மயக்க மருந்து தருதல் தகும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதே ஆண்டில் அறிவித்தது. பழைய வழக்கம் மெல்ல மாறிற்று.

அன்பர்களே, இச்செய்தி அறுவைக் கூடத்தோடு நின்றுவிடுவதன்று. நம் காலனியில் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்லாத வீடு ஏது? ஊரிலிருந்து பாட்டிமார் துணைக்கு வர இயலாத குடும்பங்கள் நம்மிடையே பல. வேற்றுமொழி பேசும் செவிலியரிடம் என்ன கேட்பதென்று இளந்தாய் தயங்குகிறாள். நாமோ, ஊசிக்கு அழுத பிள்ளையை, ‘இதற்குப் போய் அழலாமா?’ என்று அதட்டி அழைத்து வந்திருக்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய அறிவுரைகள் மிக எளியவை. ஊசி போடும்போது சிறு பிள்ளையைத் தாயோ தந்தையோ அணைத்திருத்தல் வேண்டும். பால் குடிக்கும் பிள்ளைக்கு அப்போதோ சற்று முன்போ பாலூட்டலாம். ஒரே நாளில் பல ஊசிகள் உண்டெனின், மிக வலிப்பதைக் கடைசியில் போடுதல் நன்று. விவரமறிந்த பிள்ளையிடம் வலிக்காது என்று பொய் கூறித் தேற்றலாகாது. இவற்றுள் பொருட்செலவு ஏதுமில்லை. தாய்மார் கூசாமல் கேட்கலாம். மொழியறிந்த அண்டை வீட்டார் உடன் சென்று உதவலாம். சங்கம் என்பது அதற்கும்தானே!

வலியை ஆராயும் அறிஞர்களின் உலகச் சங்கம் 2020-இல் வலிக்குரிய இலக்கணத்தைத் திருத்தி அமைத்தது. சொல்ல இயலாமையால் வலி இல்லையென்று ஆகிவிடாது என்று அதில் தெளிவாக்கியது. இவ்வுண்மையை நமக்குப் பிறர் விளக்க வேண்டுவதில்லை. இவ்வூருக்கு வந்த புதிதில், நாவிருந்தும் சொல்லில்லாமல் கடையிலும் அலுவலகத்திலும் நின்றவர்கள் நாம். நாம் வாய் திறவாமையால் நமக்குக் குறையே இல்லையென்று எவரேனும் எண்ணியிருந்தால் ஏற்றிருப்போமா? நம் மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் அதே நீதியை வழங்குவோம்.