முதல் எஸ்.இ.ஓ. வேலையை எங்கிருந்து தொடங்குவது?

(கணினிப் பயிற்சி முடித்த மாணவ மாணவியருக்கான கூட்டத்தில் நம் செயலாளர் ஆற்றிய உரை)

 

அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், உங்களில் பாதிப்பேர் "எஸ்.இ.ஓ. பண்ணப்போறேன் சாச்சா" என்கிறீர்கள். கூகுளில் ஒருவர் தேடும்போது நம் தளம் கண்ணில் படும்படி செய்யும் வேலை. மதரஸாவிலும் இதை ஓதவில்லை, கல்லூரியிலும் படிக்கவில்லை. ஒரு தவறுதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் அறக்கட்டளைக்கு ஒரு தளம் போட்டோம். கல்வி உதவிக்கான விண்ணப்பத்தை அதில் வைத்தோம். ஒரு வருடம் போயிற்று. அதன் வழியே ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. "நம் மக்கள் இதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள்" என்று நானே கமிட்டியில் பேசினேன். தொகையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய் வந்தார். கணவர் மவ்த்தாகிவிட்டவர். "பிள்ளை ராவெல்லாம் போன்ல தேடுனா, உங்க பேரே வரலை" என்றார். காதுத் தோட்டை அடகு வைத்து மகளின் முதல் பருவக் கட்டணத்தைக் கட்டியிருந்தார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலை இங்கே படித்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நம் தள முகவரியைப் போட்டாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. பிறகு வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'ரீடிங்' என்ற பகுதியைத் திறந்தாள். தேடுபொறிகள் இத்தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் கட்டத்தில் டிக் இருந்தது. தளம் கட்டும்போது போட்ட டிக், எடுக்க மறந்துவிட்டார்கள். அதை ஒரு முறையாவது சரிபார்க்காதது எங்கள் குற்றம்.

ஆகவே, முதல் வேலையை எடுத்தால் முதல் நாள் இதைத்தான் பார்க்க வேண்டும். கூகுள் முதலில் பக்கத்தை வந்து படிக்கிறது. பிறகு தன் பட்டியலில் சேர்க்கிறது. அதன்பின்தான் எது முன்னே, எது பின்னே என்பதெல்லாம். பட்டியலிலேயே இல்லாத பக்கத்துக்கு வரிசையைப் பற்றிக் கவலைப்பட்டு என்ன பயன்?

அடுத்தது கூகுள் சர்ச் கன்சோல். காசு கிடையாது. தளம் யாருடையதோ அவர் பெயரில் திறந்து, உரிமையை உறுதிசெய்து, உங்களைப் பயனராக மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சாவியைக் கொடுத்தால் கடை நம்முடையது ஆகிவிடாது, அது அமானிதம். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டு உள்ளே வந்தார்கள் என்று அதிலே தெரியும். 16 மாதக் கணக்கு வரை இருக்கும். வேலை தொடங்கும் முன்பே அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் போனில் தேடிப்பார்த்துவிட்டு "மூன்றாவதாக வருது" என்று மகிழாதீர்கள்; இடத்துக்கு இடம் அது மாறும்.

சொற்களைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. நம் பக்கத்துக்கு நான் வைத்த தலைப்பு 'நலத்திட்டங்கள்'. அந்தப் பிள்ளை, "சாச்சா, யாரும் அப்படித் தேட மாட்டாங்க, ஸ்காலர்ஷிப்னுதான் தட்டுவாங்க, அதுவும் இங்கிலீஷ் எழுத்துல" என்றாள். எனக்குத் தமிழ்ப்பற்று, விட்டுக்கொடுக்க மனமில்லை. பிறகு கன்சோலில் வந்த சொற்களைக் காட்டினாள். அவள் சொன்னதுதான் சரி. இப்போது கல்வி உதவித்தொகை என்றும் இருக்கிறது, அவள் சொன்ன சொல்லும் இருக்கிறது, ஊர்ப் பெயரும் இருக்கிறது. ஆனால் ஒரே சொல்லை ஐம்பது தடவை திணிக்காதீர்கள்; கூகுள் அதை ஏமாற்று வேலையாகவே எடுத்துக்கொள்ளும். 'கீவேர்ட்ஸ்' என்ற மறைகுறியை நிரப்பச் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

ஒரு விஷயத்துக்கு ஒரு பக்கம் வையுங்கள். எல்லாப் பக்கத்துக்கும் 'முகப்பு' என்றே தலைப்பு இருந்தால் தேடுகிறவருக்கு எது எதுவென்று தெரியாது. நாம் செய்த இன்னொரு காரியம்: அறிவிப்பையெல்லாம் அழகான போஸ்டராக, படமாகப் போட்டோம். கடைசித் தேதி, தேவையான சான்றிதழ்கள் எல்லாம் படத்துக்குள் கிடந்தன. அவற்றை எழுத்தாகவே தட்டிப் போடுங்கள். ஆண்டு விழாப் படங்களைச் சுருக்காமல் ஏற்றியதால் போனில் பக்கம் திறக்கவே நேரமாயிற்று. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கருவியில் முகவரியைப் போட்டால் எங்கே தாமதம் என்று காட்டிவிடும்.

இனி வியாபாரப் பேச்சு. 'ஒரு மாதத்தில் முதலிடம்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பதும் அவர்கள் சொன்ன கணக்குதான். பணம் வாங்கும் முன்பே இதைச் சொல்லுங்கள். சிலர் எழுந்து போவார்கள், போகட்டும். காசு கொடுத்து இணைப்புகள் வாங்குவது, பிரியாணிக் கடைக்குச் சாப்பிடாமலேயே ஐந்து நட்சத்திரம் போடுவது, இரண்டும் கூகுளின் விதிக்கும் புறம்பு, நம் நாணயத்துக்கும் புறம்பு. 2012ல் பெங்குயின் என்ற மாற்றம் வந்தபோது, வாங்கிய இணைப்புகளை நம்பியிருந்த தளங்கள் பல சரிந்துபோயின.

நம் டிக்கை எடுத்த சில வாரங்களில் பக்கங்கள் வரத் தொடங்கின. இவ்வருடம் இணையம் வழியே விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. அந்தத் தாயின் மகளுடையதும் ஒன்று.

உங்களுக்குப் பழக ஒரு தளம் வேண்டுமென்றால் நம்முடையதையே எடுத்துக்கொள்ளுங்கள். தையல் பயிற்சி பற்றிய பக்கம் இன்னும் வெறும் போஸ்டராகத்தான் இருக்கிறது. வியாழன் மாலை அஸருக்குப் பிறகு கணினி அறை திறந்திருக்கும். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள்.